ஏழு மணிச் சங்கு

ஒக்டோபர் 14, செவ்வாய்

பதில் தெரியாத கேள்வி ஒன்று: ஓர் அபாயச் சத்தத்தை எத்தனை தடவை சும்மா கேட்டால் அது அபாயச் சத்தமாக இல்லாமல் போகும்? இருபத்து மூன்று வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தெரியாது.

பி.ப. இரண்டிலிருந்து மழை. கூரையில் ஒழுக்கு, அதே பழைய இடம், அதே வாளி. தரம் 9 தாள்கள் பாதி திருத்தியாயிற்று.

கேள்வி வந்த வழி: ஞாயிறு பின்னேரம் ஸ்பிரிங்வெளிப் பக்கம் தங்கை செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் இருப்பது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, லயம். அதற்கு நேர் எதிர் மலையில் ஒரு கேளிக்கைப் பூங்கா. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு மட்டும். ஆறு வருடமாக தினமும் இரவு ஏழு மணிக்கு அங்கே நீர்க் காட்சி. நிற வெளிச்சத்தில் தண்ணீர் ஆடும், புல்லாங்குழல் கேட்கும். டிக்கட் எடுத்தவர்கள் அந்தப் பக்கம். எடுக்காத இருபத்திரண்டு வீட்டுக்காரர் இந்தப் பக்கம், வாசலில்.

போன வெள்ளி முதல் அது இல்லை. தீபாவளிக் கூட்டத்துக்காகப் புதுக் காட்சி. கதை: மலை பிளக்கிறது, வீரன் ஒருவன் வந்து ஒட்டவைக்கிறான். இடி, நெருப்பு. தொடக்கத்தில் ஒரு நிமிடம் முழுக்க அபாயச் சங்கு.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், சங்கு கேட்டதும் எழுந்துவிட்டேன். ஒரு கையில் செருப்பு, மறு கையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளை எப்படிக் கைக்கு வந்தது என்று நினைவில்லை.

“அக்கா, ஒக்காருங்க. ஷோ,” என்றாள் செல்வி. சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். வரிசை முழுக்க அதே நேரம் அரிசி களையும் சத்தம்.

நாங்கள் தொழிற்சாலைச் சங்கில் வளர்ந்தவர்கள். காலைப் பெரட்டுக்கு ஆள் கூட ஒரு சங்கு, பகல் சோற்றுக்கு ஒன்று, வேலை விட ஒன்று. தொழிற்சாலையை மூடிய பிறகு அது இல்லை. ஆனால் பழக்கம் போகவில்லை. எது ஊதினாலும் அதை ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுவோம். புதுக் காட்சி வந்து மூன்றே நாள். சங்கு என்றால் அரிசி.

செல்வியின் கட்டிலுக்கு அடியில் இன்னொரு சங்கு இருக்கிறது, கையால் சுற்றுவது. லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டைப் பார்த்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் அதிகாரிகள் என் முன்னால் ஒரு தடவை சுற்றிக் காட்டிக் கொடுத்தது, ஒரு மழைமானியோடு சேர்த்து. மானியில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் சங்கைச் சுற்ற வேண்டும். எல்லாரும் மேலே பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். பொறுப்பு: செல்வி.

இரண்டு சங்கும் ஒரே சத்தம்.

ஒக்டோபர் 15, புதன்

மழை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. இருமல் மருந்து முடிந்தது, வாங்க வேண்டும்.

பூங்காவின் முகநூல் பக்கத்தை ஒரு மணித்தியாலம் வாசித்தேன். என்னைப் போல யாராவது எழுதியிருப்பார்கள் என்று. சில:

‘சங்கு ஊதுறப்ப ஒடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சு. வேற லெவல்.’

‘பழைய தண்ணி ஷோவைத் திருப்பித் தாங்கோ. பிள்ளையளுக்குக் காட்டவெண்டு யாழ்ப்பாணத்திலயிருந்து இரவு முழுக்க பஸ்ஸில வந்தனாங்கள். சின்னவள் பயத்தில கத்திப்போட்டாள்.’ அதன் கீழே ஒருவர்: ‘கத்துற புள்ளைய வீட்டுல வச்சிட்டு வாங்க.’

‘புல்லாங்குழல் இல்லாட்டி இனி வரவே மாட்டேன்.’ அதன் கீழே: ‘நீங்க எப்ப டிக்கட் எடுத்து வந்தீங்க?’

சிங்களத்தில் ஒருவர்: மலை பிளக்கும் கட்டம் போதாது, இன்னும் பெரிதாகப் பிளந்திருக்கலாம்.

பழையதா புதியதா என்று இருநூறு பேருக்கு மேல் சண்டை. சங்கைப் பற்றி ஒரு முறைப்பாடு இல்லை. எழுதத் தொடங்கினேன். ‘இப்பூங்காவுக்கு எதிரே குடியிருப்பவர்கள் சார்பாக’ என்று. அழித்தேன். யார் என்னை நியமித்தது? நான் அங்கே குடியிருக்கவும் இல்லை. எல்லாவற்றிலும் ஆபத்தைத் தேடும் ஆசிரியை என்று என்னைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை.

செல்வியின் மகள் கவிதா அந்தப் பூங்காவில் டிக்கட் கொடுக்கிறாள். இரவு பேசினாள். வேறொரு பெயரில் ஒரு ரசிகர் குழு நடத்துகிறாளாம், பழைய காட்சியைத் திருப்பிக் கேட்டு. கையெழுத்துச் சேர்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“பெரியம்மா, நீங்களும் போடுங்க.”

“போடுறேன். அதுல ஒரு வரி சேரு. சங்கு சத்தத்த மாத்தணும், எதிர்ல லயம் இருக்குன்னு.”

“அத எழுதுனா லயத்துப் புள்ள யாருன்னு தேடுவாங்க. அங்க லயத்துல இருந்து போறது நா ஒருத்திதான். வேல போயிரும்.”

சரி என்றேன். சரியில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

காலையில் வெயில், பதினொரு மணிக்கு மேல் மழை. இடைவேளையில் பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். முகாமையாளர். மரியாதையான மனிதர், சிங்களத்தில் பேசினோம். விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது. கேட்ட பிறகும் ஒன்றும் மாறவில்லை. சங்குதான் காட்சியில் மக்களுக்கு அதிகம் பிடித்த இடம் என்றார். எங்களுடையது ஒலிப்பதிவு, உங்களுடையது கைச்சங்கு, அங்கே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாதா மிஸ் என்றார். எனக்கே தெரியவில்லை என்றேன். சிரித்தார். எழுதித் தாருங்கள், தீபாவளிக் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம் என்றார்.

எழுதினேன். ஒரு பக்கம். தபாலில் சேர்த்தாயிற்று. தீபாவளிக்கு நாலு நாள்.

சாயங்காலம் செல்வியிடம் மழைமானி எவ்வளவு என்று கேட்டேன். “பாதிக்கு மேல. நேத்த விட கம்மி. நீங்க சாப்பிட்டீங்களா?”

ஒக்டோபர் 17, வெள்ளி

பாடசாலை விட்டு நேரே செல்வி வீடு. பஸ்ஸில் ஈரக் குடைகளின் நாற்றம்.

ஒரு யோசனையோடு போனேன். பகலில் ஒரு தடவை கைச்சங்கைச் சுற்றிப் பார்ப்போம், எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று எண்ணுவோம். ஒரு பரிசோதனை.

செல்வி கொழுந்துக் கூடையைக் கழுவிக் கவிழ்த்தபடி சொன்னாள்: “சும்மா சுத்திப் பாத்தா, நெசமா சுத்துறன்னைக்கி எவ வருவா?”

அவள் ஆறாம் வகுப்போடு நின்றவள். நான் பட்டதாரி.

வேறு என்ன வழி? தப்பு அடித்தால் சாவு என்று நினைப்பார்கள், இல்லாவிட்டால் திருவிழா. கோயில் மணி அடித்தால் பூசை. எல்லாச் சத்தமும் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. “பேரச் சொல்லிக் கூப்பிடணும்,” என்றாள் செல்வி. “பேரச் சொன்னா திரும்பிப் பாக்காத மனுசன் உண்டா?”

இருபத்திரண்டு வீடு. இருட்டில், அவசரத்தில் பெயர் நினைவு வருமா? அவள் சொல்லச் சொல்ல இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். 1 ராணி, புருஷன், பிள்ளைகள் இரண்டு. 3 சுப்பையா மாமா, தனியாள், காது மந்தம். 9 லெட்சுமி, கைக்குழந்தை. 17 மாரியாயி, முழங்கால் வருத்தம், தூக்க வேண்டும். இப்படி. வீட்டுக்கு ஒரு வரி.

எழுதி முடித்து அவளிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன்.

ஏழு மணிக்குச் சங்கு. கண்ணை மூடிக் கேட்டேன், வித்தியாசம் பிடிபடுகிறதா என்று. இல்லை. சுப்பையா மாமா பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தார். தினமும் முழுக் காட்சியும் பார்ப்பவர் அவர்தான்.

“பழசு நல்லாருந்துச்சா மாமா, இதுவா?”

“அது வெறுந் தண்ணி டீச்சரம்மா. இதுல கத இருக்கு. என்ன, அந்த வீரன் வர ரொம்ப நேரமாகுது. மல பாதி விழுந்துருது.”

ஒக்டோபர் 18, சனி

விடியற்காலை முதல் மழை, நிற்காமல். செல்விக்குச் சேலை, கவிதாவுக்குச் சுரிதார், முறுக்கு ஒரு பை. பத்தரை பஸ் வரவில்லை, த்ரீவீலில் வந்தேன். இப்போது செல்வி வீட்டில். மணி நாலு. கவிதா வேலைக்குப் போய்விட்டாள்.

லயத்துக்குப் பின்னால் ஓடும் வடிகானில் தண்ணீர் செம்மண் நிறம். நேற்றுத் தெளிவாக இருந்தது. செல்வியிடம் காட்டினேன். பார்த்தாள், டோர்ச்சைத் தேடி எடுத்து வாசலில் வைத்தாள்.

5.40. மழை விட்டுவிட்டது. எதிர் மலையில் வெளிச்சம் போட்டுப் பார்க்கிறார்கள். முறுக்குப் பை பாதி காலி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வேலை. மழை நின்றது நல்லதா என்று தெரியவில்லை. நின்ற பிறகுதான் மண் வரும் என்று எங்கோ படித்தது.

6.40. செல்வி மழைமானியைப் பார்க்க டோர்ச்சோடு போகிறாள்

ஒக்டோபர் 19, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் இருந்து எழுதுகிறேன். தரம் 3 வகுப்பறை, சின்னக் கதிரை. நடந்ததை நடந்தபடி.

தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே. செல்வி கட்டிலுக்கு அடியிலிருந்து சங்கை இழுத்துச் சுற்றினாள். மணி ஏழாக எட்டு நிமிடம். நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒருவர் வெளியே வரவில்லை. உள்ளே அரிசி களையும் சத்தம். யாரோ, ராணியாக இருக்கலாம்: “இன்னைக்கி முந்திட்டானுங்க போலயே!”

செல்வி இன்னும் பலமாகச் சுற்றினாள். அதற்குள் எதிர் மலையில் அவர்கள் சங்கும் தொடங்கிவிட்டது. இரண்டும் சேர்ந்து ஒன்றாய் ஊதின. அவள் கைப்பிடியை விட்டுவிட்டாள். “இனிமே இத சுத்தி ஒண்ணும் ஆகாது. அக்கா, அந்தக் கொப்பி.”

பக்கத்தைக் கிழித்து இரண்டாக்கினோம். ஒன்று முதல் பதினொன்று அவள், மிச்சம் நான். யாரையும் சத்தமாகக் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள் நான். கத்தினேன். மாரியாயி! லெட்சுமி! (லெட்சுமி என்னுடைய பாதியில் இல்லை, ஆனாலும்.) “மழதான் விட்டிருச்சே டீச்சர்,” என்றார்கள். “ஒலையில அரிசி கெடக்கு.” பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். வந்தார்கள். சிலர் வேகாத சோற்றைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு.

சுப்பையா மாமா எழவில்லை. ஷோ முடியட்டும் என்றார். செல்வி அவர் கையைப் பிடித்து எழுப்பி, நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள். “நாக்காலி மேல போகுது மாமா. மேலேருந்து இன்னும் நல்லாத் தெரியும். வர்றீங்களா?” திட்டிக்கொண்டே பின்னால் போனார்.

ஏழே கால் இருக்கும். எல்லாரும் பாதையில், ஒருவர் பின் ஒருவராக, டோர்ச், கைத்தொலைபேசி வெளிச்சம், இரண்டு அரிக்கன் லாம்பு. மாரியாயியை நாலு பேர் தூக்கினார்கள். எதிரே மலை பிளந்து நெருப்பு வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே வந்து எண்ணினோம். எல்லாரும். மறுபடி எண்ணினேன்.

இரவு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மணிக்கு, வீணாக இத்தனை பேரை இழுத்து வந்தோமோ என்று வெட்கப்பட்டேன். நாலரைக்கு ஒரு சத்தம், லொறி கல் கொட்டுவது போல. விடிந்து போய்ப் பார்த்தோம். மண்மேடு சரிந்து மூன்றாம் வீடும் நாலாம் வீடும் இல்லை. ஐந்தாம் வீட்டில் குசினி இல்லை. மண்ணுக்கு மேலே ஒரு சட்டி மூடி.

கவிதா காலையில் வந்தாள். நேற்றுப் பூங்காவுக்குள் நின்று பார்த்தாளாம், எதிர் மலையில் வெளிச்சம் வரிசையாக ஏறுவதை. “அம்மாவுக்குக் கோல் எடுத்தேன், எடுக்கல. நீங்களும் எடுக்கல. எனக்குத் தெரிஞ்சிருச்சு பெரியம்மா. பக்கத்துல எல்லாரும் கை தட்டுனாங்க.”

தொலைபேசியை நீட்டினாள். பூங்காவின் பக்கம். ஒருவர் படத்தோடு போட்டிருக்கிறார்: ‘நேத்து எதிர் மலையில லைட் வரிசையா ஏறுனதுதான் ஹைலைட். வீரனே தேவையில்ல. தினமும் இத வைங்க.’ கீழே நூற்றுக்கு மேல் ஆமோதிப்பு. பழைய காட்சிக்காரர்கள்கூட, ‘இது நல்லாருந்துச்சு, ஒத்துக்குறோம்’ என்று.

அதன் கீழே கவிதா பதில் எழுதியிருந்தாள். குழுப் பெயரில் இல்லை, சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு: ‘அது ஷோ இல்ல. எங்க லயம். தலையில நாக்காலி வச்சிக்கிட்டு முன்னாடி போறது எங்கம்மா. ஒங்க சங்கு ஊதுனதால எங்க சங்கு யாருக்கும் கேக்கல.’

பத்து மணிக்கு அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று அழைப்பு வந்தது. அழவில்லை. முறுக்குப் பையைத் திறந்தாள்.

கிராம சேவகர் வந்து பெயர் எழுதினார். நாங்கள் கிழித்த இரண்டு பாதியையும் பார்த்து எழுதினார். பகலில் பருப்பும் சோறும், பொதுச் சமையல். மழை இல்லை.

இன்றைக்கு அங்கே காட்சி இருக்காது என்று நினைத்தேன். ஏழு மணிக்குச் சங்கு ஊதியது.

வகுப்பறை முழுக்க எழுந்து நின்றது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு. சுப்பையா மாமாவும்.

“ஒக்காருங்க. ஷோ,” என்றாள் செல்வி.

ஒருவரும் உட்காரவில்லை. அவளும் நின்றுகொண்டுதான் சொன்னாள்.