பிரான்சுக்குப் போகாத அம்மா

டோவ்ரே மலை,
ஓகஸ்ட் முதற்கிழமை

அன்புள்ள மகள் சிந்தியாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் வயிற்றுப் பிள்ளையும் மருமகன் யூலியனும் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையில் கண் விழித்ததும் மாதாவிடம் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். கடிதம் வந்திருக்கிறதே என்று பயப்படாதே. போனில் நான் ஒரு வசனம் சொல்லி முடிக்க முன்னம் நீ அழுகிறாய். நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறேன். கடிதத்தில் அது நடக்காது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாசிப்புக்குப் பரிசு வாங்கினவள்தானே நீ, ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் அந்த பஸ் கதை. அதில் வந்த மேரியம்மா அக்கா உனக்கு அரைவாசிதான் சொல்லியிருப்பா, மிச்சத்தை நான் சொல்கிறேன்.

ஓல்சொக் என்கிற புனிதர் திருநாளுக்குத் துரொண்ட்ஹைம் போகும் நம்முடைய பங்குச் சனத்தின் பஸ் நான் வேலை செய்கிற இந்த மலை விடுதியில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஒஸ்லோவிலிருந்து ஒரு பஸ் வருகிறது, கக்கூசை இன்னொருமுறை கழுவிவிடு என்று முதலாளியம்மா இங்கர் சொன்னா, அவ்வளவுதான். நான் கையுறையும் மொப்புமாக உள்ளே நிற்கிறேன். வெளியே செபமாலை சொல்லிக்கொண்டு சனம் இறங்குகிற சத்தம் கேட்கிறது, அதுவும் தமிழில். பின்கதவால் போய்விடுவோமா என்று நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு எனக்கே கோபம் வந்தது. நான் என்ன களவா எடுத்தேன்? மொப்பை வாளிக்குள் வைத்துவிட்டு முன்கதவால் வெளியே வந்தேன்.

மேரியம்மா அக்கா என்னைக் கண்டதும் செபத்தைப் பாதியில் விட்டுவிட்டா. "யோசெப்பின், நீர் பிரான்சிலை எல்லோ நிக்கிறீர்?" என்று கேட்டா. சித்திக்கு வருத்தம் கடுமை, அம்மா பார்க்கப் போய்விட்டா என்று நீ பூசைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. உன் சித்தி பாரிசில் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறாள். ஒஸ்லோவில் அவளுக்காக இரண்டு மூன்று பேர் மெழுகுதிரி கொளுத்தி மன்றாடியிருக்கிறார்கள், பாவம்.

நான் சொன்னேன், "இல்லை அக்கா, நான் ஒரு இடமும் போகேல்லை. இஞ்சைதான் வேலை. அங்கை வெள்ளையா நிக்குதே, அதுதான் என்ரை வீடு. ஏறிப் பாருங்கோ." ஏறினார்கள். உள்ளே கொள்ளாதவர்கள் வாசலில் நின்றார்கள். எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினேன், கோப்பை காணாமல் கறிக்கிண்ணத்திலும் ஊற்றிக் கொடுத்தேன். அல்பேர்ட் அண்ணை கட்டில் மேசையாகிறதையும் மேசை கட்டிலாகிறதையும் பார்த்து, வேலையிலிருந்து ஓய்வு எடுத்ததும் தானும் இப்படி ஓடுகிற வீடாக ஒரு பூபில் வாங்கப் போவதாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற அவருடைய மனுசி அவரைப் பார்த்த பார்வையில் அந்த எண்ணம் அங்கேயே செத்துப்போயிற்று. பஸ்சுக்குத் திரும்பும்போது மேரியம்மா அக்கா என் கையைப் பிடித்து, "பிள்ளை உம்மை வெளியிலை விட்டிட்டாளோ?" என்று காதுக்குள் கேட்டா. "அவள் விடேல்லை அக்கா. நான்தான் அவளை விட்டிட்டு வந்தனான்" என்று சொன்னேன். அதை அவ உனக்குச் சொல்லியிருக்க மாட்டா.

அன்று இரவு நீ போனில் அழுதாய். மானம் போய்விட்டது என்றாய். யூலியன் போனை வாங்கி, "வீட்டையும் வாங்கிக்கொண்டு கிழவியை ரோட்டிலை விட்டிட்டினம் எண்டு சனம் எங்களைத்தான் துப்பும் மாமி. மாதா திருநாளுக்கு முன்னம் அந்த வண்டியை வித்துப்போட்டு வாங்கோ. இல்லாட்டிப் பிள்ளை பிறக்கேக்கையும் வரவேண்டாம்" என்று சொன்னார். நீ பக்கத்தில்தான் நின்றாய். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்படிச் சொல்லாதீங்கோ என்று நீ அவருக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அந்த ஒன்றுதான் எனக்கு நொந்தது. மற்றதெல்லாம் வழக்கமான பேச்சு.

இப்போது வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஒஸ்லோவில் நீங்கள் இருக்கிற ஸ்டோவ்னர் வீட்டை உனக்குச் சீதனமாக எழுதியது நான். ஒருவரும் என்னை நெருக்கவில்லை, அப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். எங்கள் வழக்கத்தில் பெட்டைப் பிள்ளைக்கு வீடு. ஆனால் வீட்டைக் கொடுத்த தாய் அந்த வீட்டிலேயே ஒரு மூலையில் இருந்து சமைத்து, பிள்ளை பார்த்து, கடைசியில் அங்கிருந்தே பெட்டிக்குள் போவதும் சேர்ந்த வழக்கம் என்று நீங்கள் இருவரும் நினைத்துவிட்டீர்கள். நான் எழுதிக் கொடுத்தது வீட்டை. என்னை எழுதிக் கொடுக்கவில்லை, மகள்.

நீ கெட்டவள் இல்லை. யூலியனும் நல்ல பிள்ளை, என்னை ஒருநாளும் மரியாதை இல்லாமல் கூப்பிட்டதில்லை. ஆனால் நான் கருவாடு பொரித்தால் தை மாதக் குளிரில் அவர் எல்லா யன்னலையும் திறப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், திறப்பார், அவ்வளவுதான். பிறகு நான் கருவாடு வாங்குவதை விட்டேன். பிறகு ரேடியோவைக் குறைத்தேன். பிறகு நீங்கள் இருவரும் குசினியில் கதைத்துக்கொண்டு நின்றால் தண்ணி குடிக்க வராமல் அறைக்குள்ளேயே இருந்தேன். கொடுத்த வீட்டில் மறந்து விட்டுப்போன சாமான் மாதிரி இருந்தேன். அதை நீ கவனிக்கவில்லை என்று குறை சொல்ல வரவில்லை. நான்தான் கவனித்தேன், வெளிக்கிட்டேன்.

இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். இந்த மலையின் தேசியப் பூங்காவுக்குள் வண்டி விட முடியாது. அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம், விடுதியின் பின்முற்றத்தில் நிற்கிறேன். காலையில் அறைகள், கக்கூஸ். மத்தியானம் குசினியில் அப்பம் மாதிரி வாஃபல் சுடுகிறேன். ஒருநாள் மிஞ்சிய மாவில் ஏலக்காய் கொஞ்சம் கூடப் போட்டேன், இப்போது இங்கர் அப்படித்தான் சுடச் சொல்லுறா. போன கிழமை ஒரு மொஸ்குஸ் மாடு, கம்பளி போர்த்த எருமை என்று வைத்துக்கொள், முற்றத்துக்கே வந்துவிட்டது. ஜெர்மன்காரர் ஒருவர் படம் எடுக்கக் கிட்டப் போனார். நான் யன்னலைத் திறந்து, அந்தாள் எனக்குப் பிறந்த பிள்ளை போல, தமிழிலேயே பேசித் துரத்தினேன். விளங்கி ஓடினார்.

தனிய இருக்கப் பயமில்லையா என்று பஸ்சில் வந்தவர்களும் கேட்டார்கள். வந்த புதிதில் காற்று வண்டியை ஆட்டும்போது பயந்து செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். இப்போது காற்று ஆட்டினால் நன்றாக நித்திரை வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் கருவாடு பொரிக்கிறேன். யன்னலைத் திறப்பதா பூட்டுவதா என்று நான்தான் முடிவு செய்கிறேன்.

ஆகையால் யூலியனுக்கு என் பதிலைச் சொல்லு. வண்டியை விற்க மாட்டேன். மாதா திருநாளுக்கு முன்னம் வரவும் மாட்டேன், இங்கே வேலை புரட்டாதி முடியுமட்டும் இருக்கிறது, இங்கருக்குச் சொல் கொடுத்திருக்கிறேன். ஆனால் பிள்ளை பிறக்கும்போது வரவேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை, உனக்கும் இல்லை. ஐப்பசியில் நான் வருவேன், பூபிலோடு வருவேன். குடியிருப்புச் சங்கத் தலைவரிடம் கேட்டுவிட்டேன், கீழே விருந்தாளிகளின் வாகனம் விடும் இடத்தில் நிற்கலாமாம். உனக்குச் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைத்துத் தருவேன், பிள்ளையைக் குளிப்பாட்டுவேன், நீ நித்திரை கொள்ள நான் தூக்கி வைத்திருப்பேன். படுக்க மட்டும் கீழே என் வீட்டுக்குப் போய்விடுவேன். சனம் பார்க்கட்டும். வடிவாகப் பார்க்கட்டும்.

சனத்தைப் பற்றி நீ யோசித்து உருகாதே. வருகிற ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது நீயே வாய் திறந்து சொல்லு. அம்மா மலையில் வேலை செய்கிறா, தன் வீட்டில் இருக்கிறா என்று சொல்லு. நீ தலையைக் குனிந்தால்தான் அவர்கள் கதைப்பார்கள். சித்திக்கும் சுகம் வந்துவிட்டது என்று சொல்லிவிடு, அவள் பெயரில் இன்னும் திரி எரிய வேண்டாம்.

கடித உறைக்குள் இரண்டு கதவுத் திறப்பு இருக்கும். நீலநூல் கட்டியது ஸ்டோவ்னர் வீட்டுத் திறப்பு. இவ்வளவு நாளும் என் கைப்பைக்குள் கிடந்தது. அதை நீ வைத்துக்கொள், இனி நான் வந்தால் மணி அடித்து, நீ திறந்தால் உள்ளே வருவேன். மற்றது என் பூபிலின் திறப்பு. அது உனக்கு. என் வீட்டுக்கு மணி இல்லை, மகள். எந்த நேரமென்றாலும் திறந்துகொண்டு வா.

உன் நெற்றியிலும் வயிற்றிலும் இங்கிருந்தே சிலுவை அடையாளம் இடுகிறேன்.

அம்மா
யோசெப்பின்