காலியாக நிற்கும் கட்டம்

இயேசு மரி சூசை துணை

கே.கே. நகர், மதுரை
12.2.2025

என் அன்புத் தம்பி தனிஸ்லாஸுக்கு,

அக்கா ஆனிமேரி எழுதுவது. மஸ்கட்டில் வெயில் ஆரம்பித்துவிட்டதா? இங்கே நானும் அத்தானும் சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் கண் என்று நான் ஆரம்பித்தாலே, லோடு ஏத்துறாங்க, பெறகு பேசுறேன்க்கா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் நம் தெரு அழகுபாண்டி அங்கே வரும்போது கொடுத்து விடுகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. பிலோமினா டீச்சர் ஆறு மாதமாக என்னோடு பேசாமல் இருந்தாள். கோவிலில் எனக்கு இடப்பக்கம்தான் எப்போதும் நிற்பாள். பூசையில் பக்கத்திலிருப்பவர்களைக் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும் நேரத்தில், நான் வலப்பக்கம் மட்டும் கும்பிட்டுவிட்டு அவள் பக்கம் திரும்புவதே இல்லையாம். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பங்குக் கோவில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எனக்கு அவள் கூப்பிய கை தெரியவே இல்லையடா.

கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. கிளாக்கோமா, கண்ணில் பிரஷர் என்றார்கள். வலியே கிடையாது. ஓரப் பார்வைதான் முதலில் போகுமாம், போவது நமக்கே தெரியாதாம். ஒரு மெஷினில் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வாத்தியார் புத்தி போகுமா? தெரியாத இடத்திலும் குத்துமதிப்பாக அமுக்கித் தள்ளினேன். எந்தக் கேள்வியையும் விடாதீர்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவள் அல்லவா. ரிப்போர்ட் செல்லாது என்று மறுபடியும் உட்கார வைத்தாள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த பெண். இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தேன். இடது கண்ணில் பாதி ஃபெயில்.

டாக்டரம்மா ஒரு தாளில் நம் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் கறுப்பு. அப்பாவின் கட்டத்தைக் கறுப்பாக்கினார், பிறகு என் வட்டத்தை. பக்கத்தில் உன் கட்டம் காலியாக நின்றது. இவருக்குப் பார்த்தாச்சா என்று கேட்டார்.

அப்பாவுக்குக் கண் போனது மங்கல் பல்பு வெளிச்சத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்தியதால் என்றுதானே அம்மா சாகும்வரை சொன்னாள். நீயும் அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு பத்தாம் வகுப்போடு லாரி ஏறிவிட்டாய். அக்கா படிச்சுப் படிச்சுக் கண்ணைக் கெடுத்துக்கிட்டா, நான் தப்பிச்சேன் என்று போன வாரம்கூட அத்தானிடம் சொன்னாயாமே. இல்லைடா. பேப்பர் மேல் பழி போட்டது நம் வீட்டுத் தப்பு. இது ரத்தத்தில் வருவது. கூடப் பிறந்தவளுக்கு இருந்தால் உனக்கும் இருக்க மற்றவர்களைவிடப் பல மடங்கு வாய்ப்பாம். வந்தே தீரும் என்று சொல்லவில்லை. போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்கிறார். அப்பாவுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

உன் பயம் எனக்குத் தெரியும். கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் டிரெய்லர் லாரிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். வாங்கினால் வாங்கட்டும். நம் கீழ் வீடு சும்மாதான் கிடக்கிறது. வந்துவிடு. அக்கா சோறு போடுகிறேன், என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிடு.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கிறிஸ்துமஸ் லீவில் அத்தான் காரை வாசல் கேட்டின் இடது தூணில் உரசினாய். இம்புட்டுப் பெரிய தூண் தெரியலையா என்று தெருவே கேட்கக் கத்தினேன். மறுநாள் ஏர்போர்ட்டில் உனக்கு இடப்பக்கம் நின்று அதிரசப் பொட்டலத்தை நீட்டினேன். நீ திரும்பிப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாய். கோபத்தில் போகிறான் என்று வீடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

பிலோமினாவிடம் என் கண்ணைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அந்தப் பொட்டலம்தான் நினைவில் நிற்கிறது. நீ அன்று நிஜமாகவே என்மேல் கோபமாக இருந்திருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்கிறேன். உடனே போய்க் கண்ணைக் காட்டு. காட்டிவிட்டு, கோபம்தான்க்கா என்று ஒரு வரி எழுது, தம்பி.

உன் அக்கா,
ஆனிமேரி