பத்தொன்பதாவது ஒன்று

என் செல்லக் கழுதை விஜிக்கு,

உன் ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது. உன் பேனரில் ஒரு ஒன்றைத் தின்றுவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

உன் படத்துக்குக் கீழே அழுகை வசனம் வேண்டாம், உனக்குப் பிடித்த எண்ணைப் போடலாம் என்று நான்தான் உன் அம்மாவிடம், என் பெரியம்மாவிடம், சொன்னேன். வரிசையாகப் பத்தொன்பது ஒன்றுகள். நோர்வூட் டவுனில் பேனர் அடிக்கும் கடைக்கார நானா அதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது லொத்தர் நம்பரா? விழுந்தா எனக்கும் சொல்லுங்க" என்றார். முதன்மை எண் என்றேன். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாது என்று விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

நீ இதைவிட நன்றாகச் சொல்வாய். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டே சொன்னாயே: "அத்தன செடிய எத்தன நிரையா நட்டாலும் கடைசி நிரை கொறையாத்தான் நிக்கும்டி. ஒரே நிரையா நட்டாத்தான் உண்டு."

இரண்டு ஒன்று சேர்ந்தால் பதினொன்று, வகுபடாது. மூன்று ஒன்றிலிருந்து பதினெட்டு ஒன்று வரை எல்லாம் உடையும். பத்தொன்பதில் மறுபடியும் உடையாது. பத்தொன்பதே வகுபடாத எண் என்பதாலா என்று கேட்டேன். "அது மட்டும் போதாதுடி. பதினேழுந்தான் வகுபடாது. ஆனா பதினேழு ஒண்ணு உடையுதே" என்றாய்.

ஏன் உடைகிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் உயர்தரத்தில் கணிதம் படிக்க ஆசைப்பட்டாய். நம் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆசிரியர் கிடைக்கவில்லையாம். ஹட்டனுக்கு அனுப்ப வீட்டில் வழியில்லை. கொழுந்தெடுக்கத் தோட்டத்தில் பேர் பதிந்தாய்.

குளவி கொட்டியதும் உன்னைக் கொழுந்து லொறியில்தான் ஏற்றினோம். வேறு வண்டி வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு நீ உயிரோடு வரவில்லை. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் உன் நிரையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். குளவிக்கூடு இன்னும் அதே மரத்தில் இருக்கிறது. யாரைக் கேட்பது, சொல்லு?

பேனரை நம் லயத்து வீடுகளின் முச்சந்தியில் கட்டிய பிறகுதான் பார்த்தேன். உன்னைவிடப் பெரிதாக ஓர் அரசியல்வாதி கைகூப்பிச் சிரிக்கிறார். உன்னை அவர் பார்த்ததே இல்லை. அவர் தோளுக்கு இடம் விட வேண்டும் என்று கடைசி ஒன்றை எடுத்துவிட்டார்கள். பதினெட்டு ஒன்றுகள், விஜி. மூன்றால் வகுபடும், ஏழால் வகுபடும், பதினொன்றால், பதின்மூன்றால்... கண்டவனெல்லாம் பங்குபோடலாம்.

படத்தைச் சேர்க்கச் சொன்ன தோட்டத் தலைவரிடம் போய்ச் சண்டை போட்டேன். "ஒரு ஒண்ணு கொறஞ்சா என்னம்மா? செத்த புள்ளைக்குத் தெரியவா போகுது?" என்றார்.

ஒன்று குறைந்தால் அது வேறு எண் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ஆளே குறைந்தாலும் அதே பெரட்டு என்று நினைக்கிற மனுசன்.

நேற்று ஏணி போட்டு ஏறி, கறுப்புப் பெயின்ட்டில் விட்டுப்போன ஒன்றை நானே போட்டேன். இடம் அந்த அரசியல்வாதியின் தோளில்தான் இருந்தது. வெள்ளைச் சட்டை, தூரத்திலிருந்தே தெரிகிறது. தலைவர் வந்து கத்தினார். எனக்கு வேலை போய்விடும் என்று அப்பா பயந்து, உடனே ஏறி அழிக்கச் சொன்னார். சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்து பேனருக்குக் கீழே நின்றார்.

"இப்ப சரியா இருக்காடி?"

"சரியா இருக்கு பெரியம்மா."

"எவனாலயும் பிரிக்க முடியாதுல்ல?"

"முடியாது."

உன் அம்மா ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

பெயின்ட் வெளுத்தால் மறுபடி போடுவேன். பேனரையே கழற்றினால் லயத்துச் சுவரில் எழுதுவேன். உன்னைப் பதினெட்டாக விடமாட்டேன்டி.

உன் சித்தி மகள்,
சுகந்தி