மீனுக்கு நீச்சல் பரீட்சை

அன்பு மகள் நூலாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. அறுபத்துமூன்று வயதில் எழுதப் பழகிய கை, ஒரு வரி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், மழையும் வழக்கம்போல நலம். மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை எனக்கு ஐரிஷ் வாய்மொழித் தேர்வு முடிந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அதே இறுதித் தேர்வுதான். தொட்டிலில் கிடந்த நாள் முதல் அயர்லாந்தின் இந்தக் கனமாராக் கரையில் ஐரிஷ் தவிர வேறு எந்த மொழியிலும் யாரையும் திட்டியறியாத எனக்கு ஐரிஷில் பரீட்சை! மீன் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று முள் எடுக்கிற பெகி, "என்ன கோல்மன், மீனுக்கு நீச்சல் பரீட்சையாமே?" என்று கேட்டு மொத்தக் கூடத்தையும் சிரிக்க வைத்தாள். சிரிக்கட்டும். படகுத்துறைக் காவலர் வேலைக்கு இந்தத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். கணப்பின் அருகில் உட்கார்ந்து, வந்துபோகும் படகுகளை எழுதிக்கொள்ளும் வேலை. இன்னொரு குளிர்காலம் அந்த ஈரத் தரையில் நின்றால் என் முழங்கால்கள் இரண்டும் என்னை விட்டு ஓடிவிடும். பேச்சுக்கு நான் பயப்படவில்லை, கவிதையைப் புத்தகம் பார்த்து வாசிக்க வேண்டும் என்பதுதான் பயம், எழுத்துக்கூட்டிப் படிக்கவே இப்போதுதானே பழகியிருக்கிறேன். அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். தேர்வுக்கு வைத்திருந்த ஐந்து கவிதைகளையும் உன் அம்மாவை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தேன். "சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்ப இதையும் சேத்துக்கோய்யா" என்றாள் அவள்.

தேர்வாளர் இளம்பெண். பெயர், முகவரி கேட்டாள், சொன்னேன். நம் ஊரில் பதிலுக்குக் கேட்காமல் யாராவது விடுவார்களா? "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்றேன். "ஐயா, கேள்வி நான்தான் கேக்கணும்" என்றாள். "அது சரி, அப்பா பேரு?" என்றேன். கடைசியில் பார்த்தால், இளமையில் நான் நடனத்துக்குக் கூப்பிட்டும் வர மறுத்தாளே ப்ரீஜ், அவளுடைய அண்ணன் மகள்! "உன் அத்தைக்கு அந்தத் திமிரு இன்னும் இருக்கா?" என்று விசாரித்தேன். உன் அம்மாவிடம் சொல்லாதே. இருந்த கால் மணியில் ஐந்து நிமிடம் இதிலேயே போயிற்று. பிறகு அவள் புத்தகத்தைத் திறந்து வைத்தாள். நான் தொண்டையைச் செருமி, கண்ணைத் தாளின் மேல் ஓட்டியபடி, பூசை வைக்கிற சாமியார் மாதிரி முழங்கினேன். முடித்ததும், "ரொம்ப அழகு கோல்மன் ஐயா. ஆனா நீங்க சொன்னது மூணாவது கவிதை. திறந்திருக்கிறது முதல் கவிதை. இப்ப இதைப் படிங்க" என்றாள். மனப்பாடம் எல்லாம் பயத்தில் பறந்துவிட்டது, தாளில் இருந்ததுதான் மிச்சம். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நடந்தேன். இரண்டு இடத்தில் வழுக்கினேன், சட்டை நனைந்தது, ஆனால் கடைசி வரி வரை போய்விட்டேன். அதுவரை அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. மதிப்பெண் சொல்லக் கூடாதாம். "இதைக் கேக்கத்தான் நான் வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

எழுத்துத் தேர்வு ஜூனில். ஆகஸ்டில் முடிவு வரும்போது அந்த உறையை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். தோற்றிருந்தாலும் அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தோற்பேன். தேவமாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும், அந்த வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. அடுத்த வாரமும் எழுதுகிறேன், இந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் ஆனதால் நாளைக்கே தொடங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
சொந்தக் கையால் எழுதிய உன் அப்பா,
கோல்மன்