மாப்பிள்ளை பார்த்த கார்

கிண்ணியா
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின்

அன்புள்ள உங்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒவ்வொரு நாளும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவருக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். மேலே உங்கள் பெயரை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்ததிலேயே ஒரு தாள் வீணாகிவிட்டது. கல்யாணம் முடிந்து நீங்கள் டோகாவுக்குப் போகும்வரை உங்களை "இஞ்ச பாருங்க" என்றுதான் கூப்பிட்டேன். அதைக் கடிதத்தில் எழுத ஏலாது.

போனில் நம்முடைய கதை எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் உம்மா, ஒரு பக்கம் வாப்பா, நடுவில் நான். வாப்பா "எல்லாம் சொகம் மாப்பிள்ள" என்று சொல்லிக்கொண்டே போனை என் பக்கம் தள்ளுவார். என் வாயில் வருவது இரண்டே இரண்டுதான். ஒன்று "ஓம்". மற்றது "உங்கட விருப்பம்". எங்கள் குடும்பத்தில் கெம்பஸுக்குப் போன முதல் ஆள் என்று பட்டமளிப்புப் படத்தைப் பெரிதாக்கி முன் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் இதைப் பேசுகிறேன்.

அதனால்தான் எழுதுகிறேன். என் கூட்டாளி அப்ராவுடன் பிறந்த நானா ஞாயிற்றுக்கிழமை டோகா வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புவேன். போன மாதம் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்களே, அதற்கும் இதில் பதில் இருக்கிறது. கடைசியில்தான் எழுதுவேன். முதலிலேயே எழுதத் துணிவில்லை.

நல்ல செய்தியிலிருந்து தொடங்குகிறேன். வாப்பாவின் குடலிறக்க ஒப்பரேசன் காயம் முழுதாக ஆறிவிட்டது. டொக்டர் கடலுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் மீன்பிடிப் போட்டைத் தள்ளவோ தூக்கவோ கூடாதாம், தையல் மறுபடி விட்டால் பெரிய கரைச்சலாம். இதில் முதல் பாதி மட்டும் வாப்பாவின் காதில் நன்றாக விழுந்தது.

உங்கள் கூட்டாளி நிப்றாஸ் மச்சான் விற்கிற வெள்ளைக் காரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், எல்லாரும் நலமாக இருக்கிறோம். காரும் நலம்.

போன மாரியில் கரையில் விட்டிருந்த போட்டுகள் அடிபட்டதிலிருந்து வாப்பா நம்முடைய போட்டை வீட்டு வளவுக்குள் கொண்டுவந்து வைத்தால்தான் நித்திரை கொள்வார். தள்ள வருகிற ஆட்களில் பாதிப்பேர் உங்களைப் போல வெளிநாட்டில். நீங்கள்தான் யோசித்து, போட்டை ஏற்ற இரண்டு சில்லு வண்டி ஒன்று செய்வித்தீர்கள். அதைக் கட்டி இழுக்க ஒரு வாகனமும் வாங்குவோம், என்ன வாகனம் வேண்டும் மாமா என்று வாப்பாவைக் கேட்டீர்கள். வாப்பா "உங்கட விருப்பம் மாப்பிள்ள" என்றார். நீங்கள் நிப்றாஸ் மச்சானின் காரைச் சொன்னீர்கள். போட்டையும் இழுக்கலாம், நாலு நல்லது கெட்டதுக்கும் போகலாம் என்று சொன்னீர்கள். வாப்பா "மாப்பிள்ள சொன்னாச் சரிதான்" என்றார்.

போனை வைத்த பிறகு வாப்பா வெளியே போய் அந்த வண்டியின் கொழுக்கியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். உம்மா போய்க் கேட்டார். "எனக்குப் பின்னுக்குச் சாமான் ஏத்துற ஒரு பழைய கெப் போதும் சுபைதா. ஆனா வெயில்ல கிடந்து உழைக்கிற புள்ள ஆசையாப் பார்த்த கார். வேணாமெண்டு எந்த வாயால சொல்ற?" என்றாராம். ஊர் வழக்கப்படி நம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை நீங்கள். உங்கள் வார்த்தைக்கு மேல் வாப்பா ஒரு வார்த்தை வைக்க மாட்டார்.

வாங்க முன் ஒருமுறை இழுத்துப் பார்ப்போம் என்று திங்கட்கிழமை காலையில் நிப்றாஸ் மச்சான் காரைக் கரைக்குக் கொண்டுவந்தார். பின்னால் கொழுக்கியும் வைத்திருந்தார். என்னையும் வரச்சொன்னார்கள். பட்டதாரிப் பிள்ளைதானே, பார்த்துச் சொல்லட்டும் என்பது உம்மாவின் எண்ணம். நான் படித்தது புவியியல். மண்சரிவைப் பற்றிக் கேட்டால் சொல்லுவேன்.

போட்டை இறக்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. அந்தக் கொங்கிறீட் சரிவில் கார் பூப்போல இறங்கியது. வாப்பாகூட "பரவால்லையே" என்றார். திரும்ப ஏற்றும்போதுதான் விஷயம். அது முன் சில்லு இழுக்கிற கார். பின்னால் போட்டின் பாரம், எஞ்சின், நனைந்த வலை எல்லாம் சேர்ந்து காரின் பின்பக்கத்தை அமுக்க, முன்பக்கம் லேசாகிவிட்டது. கீழே பாசி. முன் சில்லுகள் நின்ற இடத்தில் சுற்றின, ரப்பர் மணம் வந்தது. பிறகு கார் மெல்ல மெல்லப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. நிப்றாஸ் மச்சான் பிறேக்கை அமத்தியும் நிற்கவில்லை.

வாப்பா ஓடிப்போய்ப் போட்டின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துவிட்டார்.

எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. "வாப்பா, உடுங்க. போட் போனாப் போகட்டும், தள்ளி நில்லுங்க" என்று கத்தினேன். அந்தக் கரையில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பாவும் பார்த்தார். என் சத்தத்தைக் கேட்ட அதிர்ச்சியில்தான் கையை எடுத்தார் என்று நினைக்கிறேன். எடுத்து ஒதுங்கின உடனே வண்டி அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் போனது. காரின் டிக்கி தண்ணீரைத் தொட்டு, வண்டிச் சில்லு அடியில் ஒரு கல்லில் தட்டி நின்றது.

அந்த நேரம் மீன் எடுக்கச் சம்பூரிலிருந்து கதிரவேல் அண்ணன் வந்திருந்தார், அல்ஹம்துலில்லாஹ். அவருடைய பழைய கெப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள், முன்கதவில் ஒன்று வெளியிலிருந்து திறந்தால்தான் திறக்கும். அவர் அதைச் சரிவில் இறக்கவே இல்லை. மேலே காய்ந்த கிறவல் தரையில் நிறுத்தி, நீளமான கயிற்றைக் கட்டி, நாலு சில்லும் இழுக்கிற கியரைப் போட்டார். போட், வண்டி, கார், உள்ளே நிப்றாஸ் மச்சான், எல்லாம் ஒன்றாக மேலே வந்து சேர்ந்தன. "நானா, கலியாண வீட்டுக்குப் போற காரை உப்புத் தண்ணிக்குள்ள இறக்கினா அதுக்குக் கோவம் வரும்தானே" என்றார் வாப்பாவிடம். நிப்றாஸ் மச்சானே முதலில் சிரித்தார். நான் ஒரு மீன் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

வாப்பாவை அன்றைக்கே டொக்டரிடம் காட்டினோம். தையலுக்கு ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது வாப்பா சொன்னார்: "ஒனக்கு இவ்வளவு சத்தம் இரிக்கெண்டு எனக்குத் தெரியாது மகள்."

பின்னேரம் நிப்றாஸ் மச்சான் தேத்தண்ணி குடிக்க வந்தபோதுதான் இன்னொன்று வெளிவந்தது. நீங்கள் அவரிடம் சொன்னது வேறு கதையாமே. "எனக்கெண்டா கெப்தான் விருப்பம் மச்சான். ஆனா மாமாவைக் கெப்பில ஏத்தினா சொந்தக்காரர் என்ன சொல்லுவாங்க, அவர் கௌரவமா இரிக்கோணும்" என்றீர்களாம். வாப்பா கோப்பையை வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தார். உம்மா வாப்பாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் வேண்டாத ஒரு காரை நீங்களும் வாப்பாவும் மரியாதைக்காக வாங்கப் பார்த்திருக்கிறீர்கள். உம்மா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

நிப்றாஸ் மச்சானுக்குக் கோபம் இல்லை. காரை நல்ல தண்ணீரில் கழுவிக் கொடுத்தோம். மூதூரில் ஒருவர் அதை முன்னமே கேட்டிருந்தாராம்.

கதிரவேல் அண்ணன் ஒரு கூலர் லொறி எடுக்கப்போகிறார். கெப்பை நமக்கே தருவதாகச் சொல்லி, ஓட்டிப் பாருங்கள் என்று வளவில் விட்டுப் போயிருக்கிறார். ஓட்டுவது யார் என்று கேட்பீர்கள். வாப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் மட்டும்தான் வரும். நீங்கள் போவதற்கு முந்தின கிழமை என்னை டிரைவிங் பழகச் சேர்த்துவிட்டுப் போனீர்களே, அந்த லைசன்ஸ் இப்போதுதான் வெளிச்சத்தைப் பார்க்கிறது. வண்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். வண்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு மற்றப் பக்கம் ஸ்டேரிங்கைத் திருப்ப வேண்டும். முதல் நாள் வேலியில் ஏற்றினேன். இரண்டாம் நாள் உம்மாவின் முருங்கை மரம். நேற்றும் இன்றும் நேராகச் சரிவில் இறக்கி, கயிற்றில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கரையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை கத்தினதைக் கேட்ட ஆட்கள்தானே.

வாப்பா பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டு வருகிறார். இறங்கும்போது நான் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். அவருடைய கௌரவத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆனாலும் "மாப்பிள்ளையின்ட வாயால ஒரு சொல் வரட்டும்" என்கிறார். கெப்பை எடுப்போம் என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். "உங்கட விருப்பம் மாமா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்டது. கம்பனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, போடவா என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கும். பட்டமளிப்புப் படத்துக்குக் கீழே இருந்து, "உங்கட விருப்பம்" என்றேன். நீங்கள் போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு "சரி" என்றீர்கள்.

அந்தக் காரைப் பற்றி யோசிக்கும் போதெல்லாம் அந்த "சரி"தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

கெப்பைப் பின்னால் எடுக்கும்போது வாப்பா போட்டை மட்டும்தான் பார்க்கிறார். பின்னுக்கு நின்று கையைக் காட்டி "வா, வா, போதும்" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

அல்லாஹ் உங்களை வெயிலிலும் வேலையிலும் பாதுகாத்துத் தரட்டும். உம்மாவும் வாப்பாவும் சலாம் சொல்லச் சொன்னார்கள். இதை எழுதுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் அந்தச் சலாமும் நானாகச் சொல்வதுதான்.

என்னுடைய விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், றுவைஸ். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள்.

உங்கள்,
றுமானா