இரண்டாவது செய்தித்தாள்

பெர்கமோ,
டிசம்பர் கடைசித் திங்கள்

அன்பு மகனுக்கு,

நேற்று ஞாயிறு பூசை முடிந்து, மலைக்குக் கிளம்ப மாதா கோயில் வாசலில் சைக்கிளோடு நின்றவர்கள் நான்கு பேர்: உன் அப்பா, ரொட்டிக்கடை ஜெர்வாசியோ, மருந்துக்கடை ஒத்தாவியோ, அவர் மகள் தெல்ஃபினா. சைக்கிள்களைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் பங்குச் சாமியார் எலிஜியோ. வழியனுப்ப நான்.

குளிர் இரண்டு டிகிரி. எந்தக் குளிருக்கு எந்த உடை என்று நான் எழுதி வைத்திருக்கும் நோட்டுப்படி அதற்குக் கம்பளி பனியன், நீலக் கம்பளிச் சட்டை, இரட்டைக் கையுறை. காலுறை நிறத்துக்குப் பொருந்தும் கழுத்துக்குட்டையைத்தான் கட்டுவேன் என்றார் அப்பா.

"மாப்பிள்ளை ரெடி! பொண்ணு மலை மேலயா?" என்றார் ஜெர்வாசியோ.

"நடுங்கினாலும் அழகா நடுங்கணும்டா" என்றார் அப்பா.

உன் பதினேழு வயதில் நீயும் அப்பாவும் ஒரே நீலத்தில் கிளம்புவீர்கள். தூரத்தில் யார் எவர் என்று தெரியாது. இருவருக்கும் சேர்த்தே ஜெபமாலை சொல்வேன்.

பிறகு நீ அந்த மெல்லிய புதுச் சட்டையை வாங்கினாய். மலையிலிருந்து இறங்கும் முன், குளிர்காற்று தாக்காமல் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொள்ள அப்பா செய்தித்தாளை நீட்டினாராம். "நான் என்ன மீன் பொட்டலமாப்பா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாயாம். அவர் திருப்பிச் சொன்னதை நான் எழுதமாட்டேன். நீ டூரினுக்குப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது.

இன்று அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். நெஞ்சுப் பக்கம் ஈரமாய்க் கசங்கிய தாள் ஒன்று. பின்பாக்கெட்டில் இன்னொன்று, மடிப்புக் கலையாமல். நீ போனதிலிருந்து ஒரு ஞாயிறும் அந்த இரண்டாவது தாள் இல்லாமல் இருந்ததில்லை, குறித்து வைத்திருக்கிறேன். அவரிடம் கேட்டதில்லை.

உனக்கு நீலத்தில் ஒரு சட்டை பின்னுகிறேன். கைகள் முடிந்துவிட்டன. ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளன்று மறுபடி மலைக்குப் போகிறார்கள். என்னிடம் இருக்கும் உன் மார்பளவு பழையது. புதியதைச் சீக்கிரம் எழுது.

உன் அம்மா