பலகையில் இருந்த 'உம்'

வெள்ளிக்கிழமை.

ஆலங்குடாக் கரையில் புது ஹோட்டல்காரர்கள் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். "மீனவர்களும் இக்கடற்கரையைப் பயன்படுத்தலாம்."

கரைவலை இழுக்கும் என் அண்ணன் நாநாவுக்கு ஒரே சந்தோஷம். ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு மனேஜரிடம் போய், எல்லார் பேரிலும் நன்றி சொல்லிவிட்டு வந்தார். காலையில் அதை வாசித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். சோறாக்கும்போதுதான் அந்த 'உம்' உறுத்தத் தொடங்கியது. மீனவர்களும் என்றால், முதலில் யாருடைய கரை?

பின்னேரம் நாநா வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"அதுல என்னா பொய் இரிக்கி, தங்கச்சி? எங்களுக்கு வரலாம் எண்டுதானே போட்டிரிக்கி?"

பொய் இல்லைதான். எப்படி விளங்கப்படுத்துவதென்று தெரியாத எரிச்சலில் அவருடைய கதிரையைக் காட்டினேன். "நாநா, இந்தக் கதிரையில நீங்களும் இரிக்கலாம்."

சிரித்தார். "என்ட வீட்டுல, என்ட கதிரையில, எனக்கு நீ இடம் தாறியா?"

சிரிப்பு பாதியில் நின்றது. கதிரையில் இருக்காமல் வாசலில் போய் நின்றுகொண்டார்.

கரை தங்களுடையது என்று ஹோட்டல்காரர்கள் எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஊரே சண்டைக்குப் போயிருக்கும். எழுதாமல் விட்டதற்கு நாங்கள் நன்றி சொல்லியிருக்கிறோம்.

படுக்கப் போகும்போது நாநா போன் எடுத்தார். "தங்கச்சி, சொன்ன நன்றிய எப்பிடித் திருப்பி வாங்குற?"

"உம்" என்று மட்டும் சொன்னேன்.